வேலிப் பொட்டு

— உன்ர கடையிலை சாமான் வாங்க வரேல்லை, சுவர்ணா. ஒரு கேள்வி கேக்க வந்தனான்.

— லண்டன்ர மற்றத் தொங்கல் மிட்சமிலையிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு அதுக்கெண்டே வந்தனீங்களோ, குகன் அண்ணை? ஜேர்மனியை விட்டு லண்டனுக்கு வந்து இத்தனை வருசம், இந்தப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை.

— இந்த வீடியோவைப் பார். நெடுந்தீவிலை சனம் ஒண்டாச் சேர்ந்து, விழுந்த கல்வேலியளைத் திருப்பி அடுக்குதுகள்.

— ஐயோ, எங்கட ஒழுங்கை. முருகைக்கல்லு, ஒரு துளி சாந்தில்லை, என்னமா நிக்குது. பின்னேரத்திலை கல்லுச் சூடா இருக்கும், முதுகைச் சாய்ச்சுக்கொண்டு கதைச்சுக்கொண்டிருப்பம்.

— உங்கட அம்மா அதுக்கு மேலாலை எனக்குக் கூழ் நீட்டுவா. இஞ்சை குளிருக்கை அந்தக் கூழை எத்தினை தரம் நினைச்சிருப்பன்.

— பிறகென்ன அண்ணை கோவம்?

— சமாதான காலத்திலை ஊருக்குப் போனன். அப்பாவும் உயிரோட இல்லை, அயலட்டையிலை ஒரு சனமில்லை. எங்கட ரண்டு வளவுக்கும் நடுவேலியிலை கல்லுப் பிரிஞ்சு, ஆள் நுழைஞ்சு போய்வாற அளவுக்குப் பொட்டு. உங்கட வீட்டுக்குப் புது அத்திவாரம், முருகைக்கல்லிலை. கல்லு எங்க போச்செண்டு நான் ஆரைக் கேக்கிறது?

— அத்திவாரக் கல்லு மாமா வண்டிலிலை ஏத்திக்கொண்டு வந்து தந்தது. எங்களைக் கள்ளரெண்டே நினைச்சனீங்கள்?

— இப்ப அந்தப் பொட்டை அடைக்கக் கல்லுக் காணாதாம், குறையுதாம். நல்லகாலம், எங்கட வளவிலை பத்தை வெட்டேக்கை பூவரசடியிலை ஒரு கல்லுக் குவியல் கண்டிருக்கினம். இண்டைக்கு அதை எடுத்து அடைக்கப்போகினம்.

— எடுக்க விடாதேங்கோ. அதுக்குக் கீழ என்ர தங்கச்சி கிடக்கிறா.

— உனக்கு ஏது தங்கச்சி?

— நீங்கள் ஜேர்மனிக்குப் போனாப்பிறகு பிறந்தது. பேர் வைக்க முதலே காய்ச்சல். கடல் கொந்தளிப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு ஓடேல்லை. எங்கட வளவு வெறும் பாறை, தாக்கிறதுக்குக் குழி வெட்ட ஏலாது. உங்கட அப்பாதான் தன்ர வளவிலை இடம் தந்தவர். நாய் கிண்டாமல், வேலிக் கல்லைப் பிரிச்சு மேல அடுக்கினவர்.

— ஊரெல்லாம் கல்லுக் கிடக்க, ஏன் வேலியைப் பிரிச்சவர்?

— அம்மா ஒழுங்கையாலை சுத்தாமல் நேர வந்து பிள்ளையடியிலை இருக்கட்டும் எண்டு. அவ ஒவ்வொரு நாளும் அதுக்குள்ளாலைதான் வந்து போனவ.

— எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.

— அவர் சொல்லியிருப்பார் எண்டு நினைச்சன். தெரிஞ்சும் எங்களோட கதைக்கேல்லை எண்டு எனக்கும் கோவம்.

— பொறு, அங்க வேலி அடுக்கிற ஆக்களுக்குப் போன் எடுக்கிறன்... கிருஷ்ணமூர்த்தி, நான் குகநாதன். தூக்கின கல்லை இருந்த இடத்திலையே வையுங்கோ. பொட்டையும் அடைக்கவேண்டாம். இல்லை, காணிச் சண்டை ஒண்டுமில்லை. அதிலை எங்கட வீட்டுப் பிள்ளை ஒண்டு படுத்திருக்கு.