பீச்சாங்கைக்காரனின் அக்கா

எங்கள் வீட்டில் ஒரு பாக்கெட் உப்பு வாங்கினால் அது தீரவே தீராது. பக்கத்து வீட்டுக்காரம்மா கேலி செய்வார்: "உங்க வீட்ல ஒரு வேளை சாப்பிட்டா போதும், நாம நோயாளிங்கற நெனப்பு தானா வந்துடும்." எல்லாம் என் தம்பிக்காகத்தான். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். தண்ணீர் என்றால் எடை. எங்கள் வீட்டில் எடைதான் எல்லாமே.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள் மேடம். நான் எப்போதுமே அப்படித்தான் பேசுவேன். மருத்துவமனையில் கட்டுப் போடும் அறையில் வேலை பார்த்தவள். அங்கே கத்துகிற உரிமை நோயாளிக்கு மட்டும்தான்.

அம்மா போனபோது தம்பி மூன்றாம் வகுப்பில் இருந்தான். அப்பா அதற்கு முன்பே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்த ஒருவர், தம்பியும் கூட வருவான் என்றதும், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அவனைக் குத்துச்சண்டைக்கு அனுப்பியது நான் இல்லை. பள்ளிக்கூடத்தில் யாரையோ அடித்துவிட்டு வந்தான். அடி வாங்கியவனின் மாமா ஒரு பயிற்சிக்கூடம் வைத்திருந்தார். சண்டைக்கு வந்தவர், இவன் இடது கையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கைய என்கிட்ட குடுத்துடும்மா" என்றார். அவர்தான் மாஸ்டர். எதிராளிகள் எல்லாரும் வலது கைக்காரர்களோடு பழகியவர்கள். இவன் குத்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவர்களுக்குப் புரிவதற்குள் தரையில் கிடப்பார்கள். ஜனங்கள் அவனுக்குப் 'பீச்சாங்கை' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அரங்கம் முழுக்க அந்தப் பெயரைக் கத்தும்போது, கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவனுடைய முதல் தொழில்முறைச் சண்டை, மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையில் நடந்தது. அன்றிலிருந்து ரிங்கில் அவன் வந்து உட்காரும் மூலையில் நான் இருக்கிறேன். கையில் பட்டித்துணி சுற்றுவது, புருவம் கிழிந்தால் ரத்தத்தை நிறுத்துவது, வீக்கத்தின்மேல் குளிர்ந்த இரும்பை வைத்து அழுத்துவது எல்லாம் என் வேலை. தம்பி உடையாள் படைக்கு அஞ்சாள் என்று கூடத்தில் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

அவனுக்கான பிரிவு வெல்டர்வெயிட். அறுபத்தாறரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே ஒரு கோடு, அதைத் தாண்டக்கூடாது. அவன் உடம்போ சும்மா இருந்தாலே எழுபத்தைந்துக்குப் போகிற உடம்பு. ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் அதைக் கீழே கொண்டுவந்தது நான். ரப்பர் உடுப்பு மாட்டி ஓடவைப்பேன். கதவைச் சாத்தி வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைப்பேன். கடைசி நாள் தண்ணீர் கிடையாது. வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டு ஒரு பாட்டிலில் எச்சில் துப்புவான். எடை மேடையில் ஏறும்போது அவன் கன்னம் உள்ளே போய், கண் மட்டும் பெரிதாக, அம்மா போன சமயத்தில் இருந்தமாதிரியே இருப்பான். இறங்கியதும் முதல் வாய் தண்ணீரை நான்தான் கொடுப்பேன்.

மாஸ்டர் ஒருமுறை, "இவன் எலும்புக்கு இந்த எடை பத்தாதும்மா. ஒரு பிரிவு மேல போயிடலாம், சாப்பிட்டுக்கிட்டே சண்டை போடலாம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். மேலே போனால் அவனுக்கு நான் தேவைப்படமாட்டேன் என்று நினைத்ததாக நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். மேல் பிரிவில் எல்லாரும் இவனைவிட உயரம், அவ்வளவுதான்.

ஒரே ஒரு சண்டையில்தான் மோசமாகத் தோற்றான். தாடை உடைந்து, பல்லைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். கஞ்சியைக் குழாய் வழியாக உறிஞ்சுவான். பேச முடியாது, ஏதாவது வேண்டுமென்றால் கட்டிலைத் தட்டுவான். நல்ல நாட்கள் அவை.

பிறகு தேறி வந்தான். தொடர்ந்து ஜெயித்தான். பட்டத்துக்கான சண்டை கிடைக்கும் என்று பேச்சு வந்த சமயத்தில்தான் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் தெரிந்தன. சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுவான். காபிக்குச் சர்க்கரை போட்டுவிட்டு, போட்டேனா என்று கேட்பான். ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனான். அங்கே கண் பரிசோதிக்கிற பெண், இது கண்ணாடியால் தீருகிற கோளாறு இல்லை, தலையை ஸ்கேன் எடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். புத்திசாலிப் பெண். அதற்குப் பிறகும் அவன் அந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தான். கண் கெட்டவனுக்கே அங்கே அவ்வளவு வேலை இருக்காது.

ஒருநாள் கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவன் சொன்னான்:

"அக்கா, டாக்டர் வேணாம்னு சொல்லிட்டா விட்டுடறேன். எனக்கும் போதும்னு இருக்கு."

"விட்டுட்டு?"

"கண்ணாடிக் கடைல இருக்காங்களே, அவங்க ஊருக்குப் போயிடலாம்னு இருக்கோம். அங்க அவங்கப்பாவோட கடை இருக்கு. நீயும் அப்பப்போ வந்து இருந்துட்டுப் போ."

அப்பப்போ. நான் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை மேடம். இளவயதுக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் கூப்பிட்டபோது அவன் கீழே வண்டியை நகர்த்திவிடப் போயிருந்தான். நான் தனியாக உள்ளே போனேன். டாக்டர் படத்தை விளக்குக்கு எதிரே வைத்துக் காட்டினார். மூளைக்குப் பக்கத்தில் பழைய ரத்தக் கசிவு ஒன்று இருக்கிறது என்றார். "இனிமே ரிங்குல ஏறவே கூடாதும்மா. உடம்பக் காயப் போடறீங்களே, அது இன்னும் மோசம். தண்ணி இல்லாத மூளை அடி தாங்காது." நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

படியேறி வந்துகொண்டிருந்தான். "என்னக்கா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லையாம். தூக்கம் பத்தலையாம்."

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு, "அப்ப சரி" என்றான். போட்டி நடத்துகிறவர்களின் மருத்துவர், தலைக்கு ஏதாவது சோதனை செய்தீர்களா என்று கேட்டார். இல்லை என்று நான் சொன்னேன். அவன் எப்போதும்போல என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான்.

பட்டச் சண்டைக்கு அவன் எடை இறங்கச் சிரமப்பட்டது. தொட்டியில் இரண்டு முறை மயங்கினான். வேண்டாமென்று அவன் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டான், அவ்வளவுதான்.

முதல் சில ரவுண்டுகள் அழகாக ஆடினான். பிறகு இடது கை தானாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. எதிராளிக்கு அது போதுமாக இருந்தது. ஒரு இடைவேளையில் எதிராளியின் மூலைக்கு நடந்து போனான்; நடுவர் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார். கூட்டம் சிரித்தது. மாஸ்டர், "போதும்மா, துண்டப் போட்டுச் சண்டைய நிறுத்திடுவோம்" என்று கை நீட்டினார். துண்டு என் தோளில் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "அவன் கேக்கலையே மாஸ்டர்" என்றேன். எங்கள் கூடத்தில் தம்பி விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவருக்கு ஸ்கேன் விஷயம் தெரியாது. அவர்மேல் வழக்குப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்த ரவுண்டு முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு கண் மூடியிருந்தது. குளிர்ந்த இரும்பை வைத்தேன். இன்னொரு கண்ணால் என்னையே பார்த்தான்.

"டாக்டர் நெசமாவே ஒண்ணும் இல்லன்னாராக்கா?"

"உங்கிட்ட நான் பொய் சொல்வேனா?"

வாயைத் திறந்தான். பல்லுறையை மாட்டிவிட்டேன். எழுந்து போனான்.

அந்த ரவுண்டில் அவன் விழவில்லை. மணி அடித்ததும் நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தான். திரும்ப எழுந்திருக்கவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேச்சு இல்லை. இடது பக்கம் அசையாது. நான் ஊட்டினால் சாப்பிடுவான், துடைத்துவிட்டால் தூங்குவான். அந்தக் கண்ணாடிக் கடைப் பெண் தினமும் வந்தாள். கடைசியில், அவனுக்கு ஓய்வு வேண்டும் என்று கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. அவள் அந்த டாக்டரைத் தேடிப் போயிருக்கிறாள். பிறகு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

டாக்டர் சொன்னது உங்களுக்குப் புரியாமல் போயிருக்கலாம் இல்லையா என்று கேட்டீர்கள். எனக்கு உதவி செய்யப் பார்க்கிறீர்கள். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது மேடம். தெரிந்துதான் காயப் போட்டேன், தெரிந்துதான் ஏற்றிவிட்டேன். செத்துவிடுவானோ என்று மட்டும் பயமாக இருந்தது. சாகவில்லை.

நான் இங்கே வந்த பிறகு அந்தப் பெண் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறாள், அவள் கையால் சாப்பிடுகிறான், நேற்று அவள் பெயரைச் சொல்லப் பார்த்தான் என்கிறீர்கள். அப்படி இருக்காது. தொண்டையில் ஏதாவது சிக்கியிருக்கும், அவளுக்கு அதெல்லாம் தெரியாது. தயவுசெய்து அவளை அனுப்பிவிடுங்கள். வேறு யாரோடும் அவனால் இருக்க முடியாது. அப்படித்தான் நான் அவனை வளர்த்திருக்கிறேன்.