பதிப்பு எண்

ஓடுகிற எதிலும் கைவைக்கக் கூடாது என்பது என் கொள்கை, ஐயா. பதினாறு வருஷம் அப்படித்தான் பிழைத்தேன்.

மருத்துவமனைகளில் நரம்பு வழியாக மருந்து செலுத்தும் கருவிக்கு நாங்கள் மென்பொருள் செய்கிறோம். எடைக்கேற்ற அளவைக் கணக்கிடும் பகுதி எங்களுடையதல்ல. வெளியே யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த லைப்ரரி, அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல். அதன் பிரதி ஒன்றை எங்கள் மென்பொருள் தொகுப்புக்குள்ளேயே வைத்து அனுப்புவோம். அந்தப் பிரதியில் ஆரம்பத்திலேயே யாருக்கும் சொல்லாமல் அங்கங்கே சில வரிகளைத் திருத்தி என் கைவரிசையைக் காட்டியிருந்தேன்.

பக்கத்து மேசைப் பெண் சேர்ந்து எட்டு மாதம். தொகுப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புவது அவள் வேலை. பழைய பதிப்புகளை நான் பூட்டிப் பூட்டி வைப்பதால் எனக்குப் ‘பூட்டண்ணன்’ என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

“அண்ணா, நாம வச்சிருக்கற லைப்ரரி பழசு. புதுசுல ஏதோ தப்பைச் சரிபண்ணியிருக்காங்களாம். இந்தத் தடவை குழந்தைங்க வார்டுக்கு வேற போகுது. மாத்திடலாமா?”

“வந்து எட்டு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள எனக்கே பாடமா? நான் பாத்துக்கறேன், போ” என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

புதியதை வைத்தால் என் திருத்தங்கள் உடையும்; அவள் முன்னால் என் குட்டு வெளிப்படும். பழைய பிரதி என்று கணினியின் தானியங்கிச் சோதனை எச்சரித்துக்கொண்டே இருந்தது. அது பார்ப்பது பதிப்பு எண்ணை மட்டும்தான்; அந்த எண் இருப்பது ஒரே ஒரு வரியில். அதை மட்டும் புதிய எண்ணாக மாற்றினேன். உள்ளே இருந்தது பழையதுதான். எச்சரிக்கை நின்றது. “தேங்க்ஸ்ண்ணா” என்று சொல்லி அவள் கையெழுத்திட்டாள்.

பதினோராம் நாள் ஒரு குழந்தை இறந்தது. மூன்று கிலோ எடை. மருந்து பத்து மடங்கு போயிருந்தது.

கையெழுத்து அவளுடையது, வேலையிலிருந்து நீக்கினார்கள். மேசையைக் காலி செய்யும்போது, “நான்தான் எதையோ சரியா பாக்காம விட்டுட்டேன், இல்லண்ணா?” என்று கேட்டாள்.

“விடும்மா, யாருக்கும் நடக்கறதுதான்” என்றேன். அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. இப்போது அவளைக் கைது செய்யப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன்.

என்ன தப்பு என்று தெரிந்திருந்தால் மாற்றியிருப்பேன் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய், ஐயா. புதிய பதிப்பின் குறிப்பு மொத்தமே நான்கு வரி. ஐந்து கிலோவுக்குக் குறைந்த எடைக்குத் தசமப் புள்ளி இடம் மாறுகிறது என்று இரண்டாவது வரியிலேயே இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் எண்ணை மாற்றினேன்.