துவக்கு பெல்ட்டுக்கு இடுப்பளவு

இத்தாலியில், மொண்டெல்லோவிலிருந்து பலெர்மோவுக்குத் திரும்புகிற பஸ். எனக்கு முன் சீற்றில் ஒரு புருசனும் பெண்சாதியும். அவர் போனைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"உம்மடை இடுப்பளவைச் சொல்லும். துவக்கு பெல்ட் ஓடர் பண்ணப்போறன்."

"உங்களுக்கென்ன விசரே?"

"கத்தாதையும். எங்கடை முதலாளி சின்யோரின்ரை கௌபாய் கிளப். ஞாயிறிலை தொப்பி போட்டு, இரும்புத் தட்டுக்குச் சுடுற விளையாட்டு. பொம்பிளையளும் வருகினம். எங்களையும் வரட்டாம்."

"நான் வரமாட்டன்."

"பெல்ட் காற்சட்டை அளவிலும் ரெண்டு இஞ்சு கூட எடுக்கவேணுமாம். இல்லாட்டி இடுப்பை வெட்டும்."

"வெட்டும் எண்டு எனக்குச் சொல்லித் தாறீங்களோ?" இப்போதுதான் அவள் உண்மையில் கத்தினாள். "வன்னியிலை பதினாறு வயசிலை என்னை இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டுபோய்த் துவக்கு பெல்ட் கட்டிவிட்டவங்கள். ஒருத்தனும் அளவு கேக்கேல்லை."