பதினோரு மெஷின், நாலு டிஸ்க்

— அந்த டிஸ்க் வேண்டாம் தம்பி. அதைப் போட்டா என் மெஷின் ஒண்ணுகூடக் கண்ணு தெறக்காது.

— அதாவது அக்கா, பழைய கம்ப்யூட்டரை ஓட்ட நாங்க இலவசமாக் குடுக்கற லினக்ஸ்ல உங்களுக்குப் பொருத்தமானது இதுதான். எல்லாம் இன்டெல்னு சொன்னீங்க, ஏழு மெஷின் அறுபத்துநாலு பிட்டுன்னு சொன்னீங்க. மேலயே எழுதியிருக்கு பாருங்க, ஐ-ஏ-64. இன்டெல்லுக்குன்னே உள்ளது.

— இன்டெல்லுக்குத்தான், இல்லேங்கல. ஆனா அது வேற ப்ராசஸர், மெஷினோட மூளையே வேற. பெரிய கம்பெனில ரூமை அடைச்சுக்கிட்டு நிக்குமே, அந்த மாதிரி மெஷினுக்கு உள்ளது. கண்டாவுத் தீவு ஸ்கூலுக்கு அது ஏது? எனக்கு ஏ-எம்-டி-64 எடுத்துக் குடு.

— உங்க லிஸ்ட்ல ஏ-எம்-டி ஒண்ணுகூட இல்லையே?

— கேளு தம்பி. அறுபத்துநாலை முதல்ல செஞ்சது ஏ-எம்-டி கம்பெனி, அவன் பேரு டிஸ்க்ல ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான். பின்னாடி இன்டெல்லும் அதே வழிக்கு வந்துட்டான். ரெண்டுக்கும் ஒரே டிஸ்க்.

— அதாவது... இந்தக் கம்ப்யூட்டர் கிளப்புல ரெண்டு வருஷமா சனிக்கிழமை தவறாம உக்காந்து டிஸ்க் எழுதிக் குடுக்கறேன். இது எனக்குத் தெரியாது. போன மாசம் ஒருத்தருக்கு இதையேதான் எடுத்துக் குடுத்தேன்.

— திரும்ப வருவாரு. திட்டிட்டு மாத்தி வாங்கிட்டுப் போவாரு.

— நீங்க கம்ப்யூட்டர் டீச்சரா அக்கா?

— ஹாஸ்டல்ல சமைக்கறேன். மெரேவலேசின்னு பேரு. ஓடலேன்னு சொல்லி எல்லாத்தையும் கொண்டாந்து என் மாவு மூட்டை பக்கத்துல அடுக்கிட்டாங்க. எட்டு மாசம் இடிச்சுக்கிட்டே நடந்தேன். சரி, உள்ள என்னதான் இருக்குன்னு ஒருநாள் தெறந்தேன்.

— பதினொண்ணையுமா?

— ஒண்ணைத் தெறந்தா மத்தது சும்மா விடுமா? ப்ராசஸர் மேல பசை காஞ்சு கல்லாட்டம் கெடந்துச்சு. கேக்குக்கு க்ரீம் தடவற கத்தியால வழிச்சு எடுத்து, நம்பரைப் படிச்சு, இந்த பிஸ்கட் அட்டையில எழுதினேன். அப்புறம் புதுப் பசை வச்சு மூடினேன்.

— நம்பர் சரி. எது எதுக்கு எந்த டிஸ்க்னு?

— ஆஸ்பத்திரி நர்ஸ் வாரத்துக்கு அரைமணி நேரம் அவ கம்ப்யூட்டரைத் தருவா. ஒரு வாரத்துக்கு ஒரு நம்பர் தேடுவேன்.

— பதினோரு வாரம்.

— பதிமூணு. ரெண்டு வாரம் மழையில லைன் இல்ல.

— இருங்க, ஒரு சந்தேகம். இந்த மூணு மெஷினும் பென்டியம் ஃபோர்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணை மட்டும் ஏன் அறுபத்துநாலு பக்கம் தள்ளினீங்க?

— பேரு ஒண்ணு, வயசு வேற. கடைசிக் கடைசியா வந்ததுலதான் அறுபத்துநாலு ஓடும். மத்த ரெண்டுக்கும் முப்பத்திரெண்டுதான், ஐ-386 டிஸ்க். நம்பரைப் பாக்கணும் தம்பி, பேரைப் பாத்து ஏமாறக் கூடாது.

— நான் பேரைப் பாத்துத்தான் குடுத்திருப்பேன். சரி, நீங்களே சொல்லுங்க, எடுத்து வைக்கறேன்.

— ஏ-எம்-டி-64ல டிவிடி ஒண்ணு, சிடி ஒண்ணு. ரெண்டு மெஷின் டிவிடி படிக்காது. ஐ-386 சிடி ஒண்ணு. கடைசில இருக்கறது ரொம்பக் கிழவன், புது லினக்ஸ் அவன்மேல ஏறாது. அதுக்குப் பழசு ஏதாவது கெடக்கா?

— அடிப்பெட்டியில ஒண்ணு இருக்கு. தூக்கிப் போட நெனச்சது. இந்தாங்க. பதினோரு மெஷினுக்கு நாலே டிஸ்க். அக்கா, நெஜமாச் சொல்றேன், இந்த சுவா ஊர்ல இப்படி ஒரு லிஸ்ட்டோட யாரும் வந்ததில்ல. அடுத்த சனிக்கிழமை இருந்து எங்க ஆளுங்களுக்கு நீங்க ஒரு வகுப்பு எடுக்கணும்.

— அடுத்த சனிக்கிழமையா? இன்னும் ரெண்டு மணி நேரத்துல கப்பல். இதை விட்டா அடுத்த வாரம்தான், அப்ப போயிப் பிரயோஜனம் இல்ல.

— ஏன்?

— செவ்வாக்கிழமை பதினொண்ணையும் பள்ளத்துல போட்டு மூடணும்னு உத்தரவு. ப்ராசஸர் பழசு, எதுவும் ஏறாது, குப்பைன்னு இங்க சுவா கல்வி ஆபீஸ்ல எவனோ எழுதி அனுப்பிட்டான். திங்கக்கிழமைக்குள்ள ஓட்டிக் காட்டு, நான் எழுதிப் பாக்கறேன்னாரு ஹெட்மாஸ்டர். அவர் எழுதினாலும் அந்த ஆபீஸ் கேக்குமோ என்னமோ.

— வந்து பாத்துட்டுத்தான் எழுதினாங்களா?

— யாரு வந்தா? பேரு லிஸ்ட்டை வச்சுக்கிட்டு நாற்காலியில உக்காந்தபடியே எழுதியிருக்கான். காகிதம் பையிலதான் இருக்கு. கீழ முத்திரை, பக்கத்துல கோழி கிண்டின மாதிரி ஒரு கையெழுத்து. ஏன் தம்பி, ஆளு யாருன்னு தெரியுமா?

— காகிதத்தைக் குடுங்க அக்கா, உத்தரவை அடிச்சுட்டு மாத்தி எழுதித் தர்றேன். மத்த நாள்ல எனக்கு அந்த ஆபீஸ்லதான் வேலை. அந்தக் கையெழுத்து என்னோடது.