பாறையைக் களிமண் என்று எழுதிய கணக்கு

மேலே கண்ட பெயரும் விலாசமும் உடைய நான், வயது இருபத்தெட்டு, சுரங்கப்பாதை வேலையில் அதிர்வுக் கணக்குப் பொறியாளர். பூமிக்கடியில் வெடி வைக்கும்போது மேலே உள்ள கட்டிடம் எவ்வளவு அதிரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது என் வேலை. அதிர்வு வினாடிக்கு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் போனால் பழைய கட்டிடம் தாங்காது.

சென்ற ஆண்டு என் அக்கா குடியிருந்த கட்டிடத்துக்கு ஒன்பது என்று கணக்கு வந்தது. அடியில் இருந்தது பாறை. பாறை அதிர்வை அப்படியே கடத்தும், களிமண் விழுங்கிவிடும். அறிக்கையில் களிமண் என்று மாற்றும்படி தலைமைப் பொறியாளர் சொன்னார். "வெடியைக் குறைச்சா வேலை ரெண்டு மாசம் இழுக்கும்மா. மண்ணு வந்து சாட்சியா சொல்லப்போகுது?" என்றார். நான் மறுத்ததன் பேரில் அவரே திருத்திக் கையெழுத்திட்டார். அதன் பிறகு நான் அக்காவை என்னுடன் வந்து தங்கும்படி அழைத்தேன். கட்டிடத்துக்கு ஆபத்தில்லை என்று அவர் கையெழுத்தோடு படிக்கட்டில் ஒட்டியிருந்த சான்றைக் காட்டி, "உனக்கு நிழலைப் பார்த்தாலும் பயம்டி" என்று சிரித்தாள். மறுநாள் வெடி வைத்தபோது மேற்கூரை பெயர்ந்து அவள் தைத்துக்கொண்டிருந்த மெஷின் மேல் விழுந்தது. அக்காவுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. கட்டிடம் பழசு என்று விசாரணையை முடித்தார்கள்.

அதன் பிறகு இந்த மாதம் பாதை தலைமைப் பொறியாளரின் சொந்த வீட்டுக்கு அடியில் வந்தது. அதுவும் பழைய வீடு, அடியில் அதே பாறை. கணக்குப் போடச் சொன்னார். "களிமண்ணுன்னு வச்சுப் போடட்டுமா சார்?" என்று கேட்டேன். போனிலிருந்து தலை நிமிராமல், "வழக்கம்போலப் போடும்மா" என்றார். இரண்டு என்று வந்தது. கையெழுத்திட்டார். பயந்த அக்கம்பக்கத்தாரிடம், வெடி வைக்கும்போது தன் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.

வெடி வைக்கும் அன்று காலை ஒன்பதரை மணிக்கு அவர் மனைவிக்கு போன் செய்து, "மேடம், பத்து மணிக்குள்ள பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வெளிய போயிடுங்க. அவருகிட்ட சொன்னாலும் வரமாட்டாரு" என்றேன். அவர்கள் போய்விட்டார்கள். அவருக்கு நான் போன் செய்யவில்லை. பத்து மணிக்கு வெடித்தது. கூடத்தின் கூரை விழுந்து அவருடைய இரண்டு கால்களும் முறிந்தன.

முந்தைய நாளே பாறை என்று வைத்தும் கணக்குப் போட்டிருந்தேன். அந்தத் தாளை ஒப்படைத்திருக்கிறேன். அதில் பத்தரை மில்லிமீட்டர் என்று இருக்கிறது. அவர் வீட்டில் நான் வைத்த அதிர்வு அளக்கும் கருவியும் பத்தரை காட்டியது. அக்கா வீட்டில் கருவி வைக்க என்னை விடவில்லை.

வருத்தம் உண்டா என்று விசாரணை அதிகாரி கேட்டார். அக்கா வலது கையால் ஊசியில் நூல் கோர்க்கிற அன்று சொல்கிறேன் என்றேன்.

இது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. யாரும் ஒரு சொல்லையும் மாற்றவில்லை என்பதைப் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)