பென்சிலில் எழுதிய ‘தொடர்கிறது’

புத்தகத்தைப் பிரித்துக் கவிழ்த்து வைப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, சார். உங்கள் ஸ்டேஷன் மேசையிலும் ஒன்று அப்படித்தான் கிடக்கிறது. பரவாயில்லை. அந்தப் பெண்ணின் முகவரிக்குத்தானே இத்தனை அவசரம்? வருகிறேன்.

பல்கலைக்கழக நூலகத்துக்கு வெளிநாட்டு இதழ்களைத் தேடிப் பிடிப்பது என் வேலை. கடையில் கிடைப்பதை எந்த மடையனும் வாங்குவான். எங்கள் பேராசிரியர்கள் அரிய இதழ் வேண்டுமென்று குதிப்பார்கள். வந்ததும் அட்டையைத் தடவிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

தன் நாட்டில் தடை செய்யப்பட்ட இதழொன்றை ஒருவர் ரகசியமாக அச்சடித்து வந்தார். முதல் இதழிலிருந்து எல்லாம் இருந்தது எங்களிடம் மட்டும்தான். ஆனால் வந்துகொண்டிருக்கும் இதழுக்கு அட்டவணையில் பென்சிலால் ‘தொடர்கிறது’ என்றுதான் எழுத வேண்டும். இதழ் நின்றுபோனால்தான் முடிந்த ஆண்டை மையால் எழுதலாம். அதுவரை சணல் கட்டிப் பழைய பேப்பர் மாதிரி கிடக்கும்.

“நிக்காத இதழை எப்படி சார் தைக்கிறது? கடைசி ஒண்ணு வரட்டும்” என்றார் பைண்டர்.

அனுப்புநர் முகவரி இல்லாத பார்சலைச் சுங்கத்தில் விடமாட்டார்கள் என்று இதழை அச்சடிப்பவருக்கு எழுதினேன். அப்படி விதி எதுவும் கிடையாது. நூலகம்தானே என்று நம்பி, குண்டு குண்டான எழுத்தில் வீட்டு முகவரியை எழுதி அனுப்பினார். அறிவாளி.

என் மச்சான் அந்த நாட்டுத் தூதரகத்தில் டிரைவர். உறையைப் பார்த்துவிட்டு, “யார்கிட்ட குடுக்கணுமோ குடுத்துடறேன் மாமா” என்றான். அவரை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றதாகப் பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தது. பென்சிலை அழித்துவிட்டு மையால் ஆண்டை எழுதினேன். தோல் முதுகு, தங்க எழுத்தில் அவர் பெயர். அவரை என்னைப் போல மதித்தவர் யார், சொல்லுங்கள்.

போன வாரம் இன்னோர் இதழ் வந்து நிற்கிறது. அவர் மகள் அச்சடித்திருக்கிறாள். அதே குண்டு எழுத்து, உறையில் முகவரி. ‘அப்பா உங்களைத்தான் நம்பினார்’ என்று ஒரு வரி வேறு. தைத்து முடித்த தொகுதியில் இதை எங்கே செருகுவது? எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அவளை எச்சரிக்க வேண்டும் என்கிறீர்கள். உறையைத் தேடி என் வீட்டைக் கலைக்காதீர்கள். நேற்றே மச்சானிடம் கொடுத்தாகிவிட்டது.

பைண்டரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சார். பின்னிணைப்பு ஒன்று தைக்க வேண்டியிருக்கிறது. மெல்லியதுதான், ஒரே இதழ்.