தளி பேருந்தில் ஒரு கடைவாய்ப் பல்

கிராம்புத் தைலம் மணந்ததும், என்றோ பிடுங்கிய பல்லின் பள்ளத்தை என் நாக்கு தானாகத் தேடிப் போனது. ஓசூரிலிருந்து தளி போகும் பேருந்து. காலி ரோஜாக் கூடையோடு, வீங்கிய கன்னத்தைப் பிடித்திருந்த ஒரு அம்மா, முன் இருக்கையிலிருந்த தளி பல் டாக்டரைக் கூப்பிட்டார்.

"சார், நீங்க ரிட்டயர் ஆவறதுன்னா என் பல்லு அத்தனையும் புடுங்கிட்டுப் போயிடுங்க."

"நல்ல பல்ல எதுக்கும்மா புடுங்கணும்? நம்ம கிளினிக்குக்குப் புதுசா டாக்டரம்மா வந்திருக்காங்களே, காட்டுனியா?"

"சின்னப் பொண்ணு சார். நம்ம பக்கம் பேசற கன்னடமும் வராது, தெலுங்கும் வராது. நீங்க திட்டுனாத்தான் எனக்குப் பயம் போவும்."

"இப்படிச் சொல்லித்தான் முன்னால வந்த ரெண்டு பேரையும் ஓசூருக்கே ஓட்டிவிட்டீங்க. அங்க தெருவுக்கு நாலு பல் டாக்டரு. இந்தப் பொண்ணும் போயிட்டா, எழுபது வயசுலயும் நான்தான் குனிஞ்சு நிக்கணும். முதுகு என்னுதும்மா."

அந்த அம்மா சிரித்தார். சிரித்ததில் பல் சுரீரென்றது போல, மறுபடி கன்னத்தைப் பிடித்தார். அவர் ஊர் வந்ததும் கூடையோடு இறங்கி, ஜன்னலருகே வந்தார்.

"நாளைக்கு வர்றேன் சார். நீங்க மட்டும் வெளிய எங்கியாவது போயிடுங்க. நீங்க நின்னீங்கன்னா அந்தப் பொண்ணுகிட்ட நான் வாயத் தொறக்க மாட்டேன்."